படகில் இருக்கும் சிப்பையும் குறுக்கு விசாரணை செய்யுங்கள்

ஒக்கி புயலுக்குப் பிறகு கடற்கரை ஊர்களில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: ஆழ்கடலில் இருப்பவனுக்குச் சேதி சொல்ல ஏன் வழியில்லை? 2017 நவம்பர் கடைசியில் கரைக்கு வந்த எச்சரிக்கை, அதற்குள் கடலுக்குப் போய்விட்ட படகுகளை எட்டவில்லை. இப்போது படகுகளில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டர் பெட்டி அந்தக் கேள்விக்கான பதில். 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம் இது. கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரு லட்சம் படகுகள், சுமார் 360 கோடி ரூபாய். தொழில்நுட்பம் இஸ்ரோவுடையது. படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும். புயல் எச்சரிக்கையை வாங்கித் தரும். ஆபத்தென்றால் பொத்தானை அழுத்தலாம். கடல் எல்லையை நெருங்கினால் சத்தம் போட்டு எச்சரிக்கும். இதை நான் மனதார வரவேற்கிறேன். ஒரு படகும் இது இல்லாமல் போகக் கூடாது.

ஆனால் அந்தப் பெட்டிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. படகு எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்ற பதிவு அதிலிருந்துதான் பிறக்கிறது. எல்லை தாண்டினாயா, தடைப் பகுதிக்குள் போனாயா, கரையை ஒட்டி இழுவலை போட்டாயா என்ற வழக்கு வந்தால் முதலில் எடுக்கப் போவது அந்தப் பதிவைத்தான். உயிர் காக்க வந்த கருவி சாட்சிக் கூண்டில் ஏறும் நாள் அது. மனிதச் சாட்சியை நாம் குறுக்கு விசாரணை செய்கிறோம். இந்தச் சாட்சியையும் செய்ய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

நான் அனுப்பம்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பல வருஷம் மின்மீட்டர் செய்யும் ஒரு நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். மனைவிக்குப் பழவேற்காட்டுக் குப்பங்களில் ஒன்று பிறந்த ஊர். அதனால் என் மேசைக்கு வருவதில் பாதி கடல் சாமான்: ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வாக்கிடாக்கி, மீன் ஏலத் தராசு. போன மழைக்காலத்தில் ஒரு ஜிபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு வந்த மச்சான், நான் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டான்: “மாமா, நாளைக்கு பொட்டி தப்பா சொல்லிச்சுன்னா, கேஸு எம்மேலயா, பொட்டிமேலயா?” அவனுக்கு நான் அன்று நின்றுகொண்டே சொன்ன பதில் போதாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிப் தப்பாகச் சொல்லுமா? தானாகவும் சொல்லும், சொல்ல வைக்கவும் முடியும். சிப்புக்குள் இருப்பவை எண்ணற்ற சின்னஞ்சிறு சுவிட்சுகள். கடிகாரத்தின் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் அவை எல்லாம் அசைந்து ஒரு நிலைக்கு வந்து நின்றுவிட வேண்டும். அடுத்த துடிப்பு வந்ததும், நின்ற நிலை படிக்கப்பட்டு அடுத்த கணக்கு தொடங்கும். ஏலக்காரர் கூடை ஆடிக்கொண்டிருக்கும்போதே தராசைப் படித்தால் எடை எப்படித் தப்புமோ, அப்படித்தான் இங்கேயும். சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தை ஒரு கண நேரம் கீழே இறக்கினால் சுவிட்சுகள் சோர்ந்து மெதுவாகும். அவை நிற்பதற்குள் துடிப்பு வந்துவிடும். பாதி ஆடிய நிலை படிக்கப்படும். எழுதியிருந்த கட்டளை ஒன்று நிறைவேறாமலே தாண்டிப் போய்விடும்.

அந்தக் கண நேரம் எவ்வளவு? ஒரு நொடியை நூறு கோடி கூறாக வெட்டினால் அதில் சில பத்துக் கூறு. மின்னழுத்தம் குறைந்தால் சிப்பை நிறுத்தித் திரும்பத் தொடங்க வைக்கும் காவல் சுற்று பெரும்பாலான சிப்புகளில் உண்டு. ஆனால் அது மெதுவாக வரும் தாழ்வுக்காகச் செய்யப்பட்டது. மின்வெட்டுக்கு விழித்துக்கொள்ளும், மின்னல் வேகக் கிள்ளலுக்குப் பல நேரம் விழிக்காது. தாண்டிப் போன கட்டளை எது என்பதுதான் இங்கே முக்கியம். ‘கையெழுத்து சரியில்லை என்றால் நிறுத்து’ என்ற வரி தாண்டிப் போனால், திருட்டு மென்பொருள் உள்ளே நுழைந்துவிடும். ‘இந்த நினைவகத்தை வெளியே காட்டாதே’ என்ற வரி தாண்டிப் போனால், உள்ளே பூட்டியிருந்த ரகசியச் சாவி வெளியே கொட்டிவிடும். இதைத்தான் பிழை புகுத்தும் தாக்குதல் என்கிறார்கள். நிரலில் ஓட்டை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. குறையில்லாமல் எழுதிய நிரலையும் இது தோற்கடிக்கும், ஏனென்றால் இது நிரலுக்கு அடியில் இருக்கும் பொருளைத் தாக்குகிறது.

இதன் இயற்கையான வடிவம் என் மேசையில் அடிக்கடி வந்து உட்காரும். உப்புக் காற்று தின்ற பேட்டரி முனை, பச்சை பூத்த கம்பி. இன்ஜின் அதிர்வில் இணைப்பு விட்டுவிட்டு வரும். ஜிபிஎஸ் தானாக அணைந்து எழும், திரையில் படகு ஒரு தாவு தாவும். முனையைச் சுரண்டி ஈயம் வைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும். அங்கே கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தாக்குகிறவன் செய்வது, அதே தள்ளாட்டத்தைத் தான் விரும்பும் நொடியில் வரவழைப்பது.

வித்தை புதியதல்ல. 1978ல் இன்டெல் நிறுவனத்தின் திமோத்தி மேயும் முர்ரே வுட்ஸும், சிப்பை மூடியிருந்த பொதியிலிருந்த கதிரியக்கத் துளிகள் உள்ளே இருக்கும் நினைவகத்தில் 0, 1 என்ற எழுத்துகளைப் புரட்டிவிடுவதைக் கண்டுபிடித்தார்கள். பிழையை ஆயுதமாக்கலாம் என்பது 1996ல் தெரிந்தது. டான் போனே, ரிச்சர்ட் டிமில்லோ, ரிச்சர்ட் லிப்டன் என்ற மூவர், டிஜிட்டல் கையெழுத்துக் கணக்கை இரண்டு பாதியாகப் பிரித்துச் செய்யும் வழக்கமான குறுக்குவழியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதியில் மட்டும் பிழை விழுந்தால், அந்த ஒரே தவறான கையெழுத்தை வைத்து ரகசியச் சாவியையே வெளியே எடுத்துவிடலாம் என்று நிறுவினார்கள். 2002ல் கேம்பிரிட்ஜில் செர்கெய் ஸ்கோரோபோகடோவும் ராஸ் ஆண்டர்சனும், கேமரா ஃபிளாஷின் வெளிச்சத்தை நுண்ணோக்கி வழியாகச் சிப்பின் மேல் பாய்ச்சி, நினைவகத்தில் தாங்கள் குறிவைத்த ஒரே பிட்டை மாற்றிக் காட்டினார்கள். கல்யாண போட்டோக்காரர் கையில் இருக்கும் சாமான் அது.

இந்தத் துறையில் நம்மவர்களின் வேலை உலகம் அறிந்தது. கரக்பூர் ஐஐடியின் தேப்தீப் முகோபாத்யாய், சுபித் அலி ஆகியோரும் மைக்கேல் டன்ஸ்டாலும் 2011ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். இன்று வங்கி முதல் வாட்ஸ்அப் வரை ரகசியம் காப்பது ஏஇஎஸ் என்ற பூட்டு. 128 பிட் சாவி என்றால் சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்க எண். கணக்கு நடந்துகொண்டிருக்கும்போது, சரியான சுற்றில், ஒரே ஒரு பைட்டில் ஒரே ஒரு பிழை விழுந்தால் போதும். சரியான விடையையும் பிழையான விடையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அந்த 39 இலக்க எண்ணை 256 ஆகக் குறைத்துவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். 256 சாவியைப் போட்டுப் பார்க்க என் கடைக் கணினியே போதும்.

செலவும் இறங்கிக்கொண்டே வந்துவிட்டது. 2022ல் பெல்ஜியத்தின் லெனர்ட் வவுட்டர்ஸ், ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையத் தட்டின் சிப்பை மின்னழுத்தக் கிள்ளலால் ஏமாற்றி, தன் நிரலை அதில் ஓட வைத்தார். அதற்கு அவர் செய்த சின்ன பலகையின் பாகங்களுக்கு ஆன செலவு சுமார் 25 டாலர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அட்ரியன் டாங், சிம்ஹா சேதுமாதவன், சால்வடோர் ஸ்டோல்ஃபோ ஆகியோர் 2017லேயே ஒரு படி மேலே போயிருந்தார்கள். கம்பி வேண்டாம், திருப்புளி வேண்டாம். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகக் கைபேசியிலேயே இருக்கும் வேகக் கட்டுப்பாட்டை மென்பொருளால் முறுக்கி, அதன் மிகப் பாதுகாப்பான அறைக்குள் இருந்த சாவியை எடுத்தார்கள். ரேஷன் கடையில் விரல் வைக்கும் ஆதார் கருவிகளின் எல்1 என்ற உயர்ந்த பாதுகாப்பு வகையும் சிப்புக்குள் இருக்கும் இத்தகைய நம்பிக்கை அறையைத்தான் சார்ந்திருக்கிறது. இந்த விஷயம் படகோடு நிற்பதில்லை என்பதற்காக அதைக் குறிப்பிடுகிறேன்.

படகுக்கு வருவோம். பெட்டியை ஏமாற்ற எளிய வழிகள் இருக்கும்போது இவ்வளவு வித்தை எதற்கு என்று கேட்கலாம். ஆன்டெனாவை மூடிவிட்டால் பெட்டி ஊமையாகும், ஆனால் அந்த மௌனமே கரையில் தெரிந்துவிடும். பொய்யான ஜிபிஎஸ் அலைகளை அனுப்பி ஏமாற்றலாம், ஆனால் அதற்கான கருவி படகோடு படகாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சிப்பைக் கிள்ளிச் சாவியை எடுத்துவிட்டால் கதையே வேறு. அதன் பிறகு எந்தக் கணினியும் ‘நான்தான் அந்தப் படகு’ என்று உண்மையான கையெழுத்தோடு பொய்யான இடத்தைச் சொல்லலாம். கரையில் இருக்கும் கணினிக்கு வித்தியாசமே தெரியாது.

இதை யார் செய்வார்கள்? நிச்சயமாக எங்கள் குப்பத்து ஃபைபர் படகுக்காரர் இல்லை. நண்டு வலையும் இறால் வலையும் போட்டு அன்றைய டீசலுக்கும் சோற்றுக்கும் கணக்குப் பார்ப்பவருக்கு அதற்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. கரையை ஒட்டி வரக் கூடாத இழுவலைப் படகில் பெரிய முதல் போட்டவருக்கு அது லாபம். பெட்டி அவரை நடுக்கடலில் காட்டும், படகு கரையோரத்தில் சின்ன வலைகளை அறுத்துக்கொண்டு போகும். காலையில் அறுந்த வலையோடு நிற்பவர் புகார் கொடுத்தால், பதிவைத் திறந்து பார்த்து ‘அந்தப் படகு அங்கே இல்லவே இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள். பழவேற்காடு ஏரியில் தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் நடுவே யார் எதுவரை பிடிக்கலாம் என்ற சண்டை பலமுறை நடந்திருக்கிறது. அங்கேயும் நாளை இந்தப் பதிவுதான் பேசும். ஆக, சிப்பை வளைக்கும் வசதி வலுத்தவனுக்கு, சிப்பை மறுக்க முடியாத நிலை இளைத்தவனுக்கு. என்னைத் தூங்க விடாதது இதுதான்.

இந்தியாவில் இந்தத் தாக்குதல் நடக்காத கற்பனை என்று யாராவது சொன்னால், என் பழைய வேலையைப் பற்றிச் சொல்வேன். நம் நாட்டு மின்திருடர்கள் இதை ஆய்வுக் கட்டுரை படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. உயர் மின்னழுத்தப் பொறி கக்கும் சின்னக் கருவியை எலக்ட்ரானிக் மீட்டரின் மேல் வைத்து அடிப்பார்கள். உள்ளே இருக்கும் சிப் மயங்கி நின்றுவிடும், அல்லது எண்ணுவதை மறந்துவிடும். வெளியே முத்திரை உடைந்திருக்காது. வலுவான காந்தத்தை ஒட்டி வைப்பது இன்னொரு வகை. இது பரவியதும் மின்வாரியங்கள் சும்மா இருக்கவில்லை. 35 கிலோவோல்ட் பொறியைத் தாங்க வேண்டும், தாங்காவிட்டால் அடித்த தேதியையும் நேரத்தையும் பதிந்து வைக்க வேண்டும் என்று மீட்டர் வாங்கும் ஒப்பந்தப்புள்ளிகளிலேயே எழுதினார்கள்.

அந்தச் சோதனையை நடத்துவது என் வேலையாக இருந்தது. மீட்டரை ஓட விட்டு, பொறித் துப்பாக்கியைக் கையில் பிடித்து, மூடியின் விளிம்பு, திரையின் ஓரம், கம்பி நுழையும் துளை, முத்திரைத் திருகு என்று ஒவ்வோர் இடமாக அடித்துக்கொண்டே போவோம். நீல நிறப் பொறி பிளாஸ்டிக்கின் மேல் ஓடி, எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே தானாக நுழையும். ஓசோன் வாடை மூக்கில் ஏறும். பிறகு யூனிட் கணக்கைத் தரமான மீட்டரோடு ஒப்பிடுவோம். வடிவமைப்பாளர் காகிதத்தில் ‘தாங்கும்’ என்று எழுதிய மாதிரி, மேசையில் படுத்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு தகடு சேர்த்து, நிரலில் இரண்டாவது சரிபார்ப்பு சேர்த்து மறுபடி கொண்டுவருவார்கள். மறுபடி அடிப்போம். அப்படித்தான் மீட்டர் நல்ல மீட்டரானது. காந்தம் பட்டதும் ‘முழு மின்னோட்டம் ஓடுகிறது’ என்று கணக்கிடும்படி சில வாரியங்கள் கேட்டதால், காந்தம் வைத்தவருக்கே நஷ்டம் என்ற நிலையும் வந்தது.

அரசுக்கு வருமானம் போகிறது என்றதும் சிப்பை அடித்துப் பார்த்து வாங்கக் கற்றுக்கொண்டோம். வங்கி அட்டையிலும் சிம் கார்டிலும் இருக்கும் சிப்புகள், லேசர் அடித்து, மின்னழுத்தத்தைக் கிள்ளிச் சோதிக்கும் ஆய்வகங்களைத் தாண்டித்தான் சந்தைக்கு வருகின்றன. அங்கேயும் பணம் இருக்கிறது. மீனவனின் படகும் உரிமமும் அவன் பெயரும் ஒரு சிப்பின் சொல்லில் தொங்கும்போது அதற்கும் அதே மரியாதை வேண்டும்.

எங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் இருப்பது ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏறும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். குப்பத்துச் சனம் கரையில் நின்று பார்க்கும். மீன்பிடிப் படகுகளின் செயற்கைக்கோள் சேவைக்குப் பயன்படும் ஜிசாட் 6, 2015 ஆகஸ்ட் 27 அன்று அங்கிருந்துதான் போனது. அந்த ராக்கெட்டுகளுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் சிப் செய்பவர்கள், சிப் தப்பு செய்யும் என்ற எண்ணத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். விண்வெளியில் பாயும் துகள்கள் நினைவகத்தைப் புரட்டிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் ஒரே கணக்கை மூன்று முறை செய்து பெரும்பான்மை விடையை எடுப்பது, நினைவகத்துக்குத் திருத்தும் பிட்டுகள் சேர்ப்பது என்று பல காவல்கள். சென்னை ஐஐடியும் இஸ்ரோவும் சேர்ந்து சக்தி செயலியை அடிப்படையாக வைத்து உருவாக்கி, 2025 பிப்ரவரியில் அறிவித்த ஐரிஸ் சிப்பில் பிழை தாங்கும் நினைவகங்கள் உண்டு. சண்டிகரில் வார்த்து, கர்நாடகத்தில் பொதிந்து, சென்னையில் பலகையேற்றிய சிப் அது. தலைக்கு மேல் பறக்கும் சிப் தப்பலாம் என்று தயாராக இருக்கும் அறிவு நம்மிடம் இருக்கிறது. கீழே நீரில் மிதக்கும் படகுப் பெட்டி மட்டும் தப்பவே தப்பாது என்று எடுத்துக்கொள்வதை எந்தப் பொறியாளரும் ஏற்க மாட்டார்.

தரையிலும் இது நடக்கும். 2003ல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. கிடைக்க வாய்ப்பே இல்லாத எண்ணிக்கையாக இருந்ததால் அகப்பட்டது. 4,096 என்பது 2ஐ 12 முறை பெருக்கினால் வரும் எண், அதாவது ஒரே ஒரு பிட் புரண்டால் வரும் எண். விண்ணிலிருந்து வந்த துகள் காரணமாக இருக்கலாம் என்பதே நிபுணர்கள் சொன்ன விளக்கம். சாத்தியமில்லாத எண் என்பதால் யாரோ சந்தேகப்பட்டார். படகு இரண்டு கடல் மைல் தள்ளி இருந்ததாகப் பதிவு சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

சட்டம் இங்கே என்ன செய்கிறது என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்பதற்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் பதிவின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும், நிபுணரும் கையெழுத்திட வேண்டும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் ஹாஷ் எண் காப்பது, எடுத்த பதிவு பிறகு திருத்தப்படவில்லை என்பதை மட்டுமே. எழுதும் நொடியிலேயே சிப் பொய்யை எழுதியிருந்தால், அந்தப் பொய்யை ஹாஷ் பத்திரமாகக் காக்கும். பிரிட்டனில் கணினி சரியாகவே இயங்கியிருக்கும் என்று நீதிமன்றங்கள் அனுமானித்ததால் என்ன ஆனது என்று உலகமே பார்த்தது. தபால் நிலையங்களுக்கு வந்த ஹொரைசன் என்ற கணக்கு முறையில் இல்லாத பற்றாக்குறை தெரிந்தது. அதை நம்பி 900க்கும் மேற்பட்ட கிளைத் தபால் நிலையக்காரர்களைக் குற்றவாளிகளாக்கினார்கள். கடைசியில் 2024ல் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்தத் தண்டனைகளை ரத்து செய்ய வேண்டியிருந்தது. அங்கே தப்பியது மென்பொருள். கிளைக்காரரின் நிலையில் இங்கே படகுக்காரரை வைத்துப் பார்க்க எனக்குச் சிரமமாக இல்லை.

பதிவைத் தாண்டிப் பார்க்கும் பழக்கம் நம்மிடமும் உண்டு. எங்கள் ரயில் பாதையிலேயே, அனுப்பம்பட்டு, பொன்னேரி தாண்டி வரும் கவரைப்பேட்டையில் 2024 அக்டோபர் 11 இரவு, பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் போகச் சிக்னல் காட்டியது. ரயிலோ லூப் லைனுக்குள் திரும்பி, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. நல்லவேளையாக உயிர் போகவில்லை. சிக்னல் பதிவோடு விசாரணையை நிறுத்திக்கொள்ளாமல், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் தண்டவாளத்தையும் பாயின்ட்டின் பாகங்களையும் ஆராய்ந்தார். யாரோ வேண்டுமென்றே பாகங்களைக் கழற்றியதே காரணம் என்ற முடிவுக்கு வந்தார். ரயிலுக்கு அப்படி ஒரு ஆணையர் இருக்கிறார். படகுப் பெட்டி விஷயத்தில் அந்த வேலையைச் செய்ய யாரையாவது நியமிக்க வேண்டும்.

ஆள் இல்லை, ஆய்வகம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. தரமணியில் ‘செட்ஸ்’ என்ற மத்திய அரசின் சங்கம் 2002 முதல் இருக்கிறது. அப்துல் கலாம் முதன்மை அறிவியல் ஆலோசகராக இருந்தபோது விதைத்தது. வன்பொருள் பாதுகாப்பு அதன் வேலைகளில் ஒன்று. கிண்டி ஐஐடியில் செஸ்டர் ரெபெய்ரோ போன்றவர்கள் இந்தத் தாக்குதல்களையும் அவற்றுக்கான காவலையும் ஆய்வு செய்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து புறநகர் ரயிலில் ஏறினால் மத்தியானத்துக்குள் இரண்டு இடத்துக்கும் போய்வரலாம்.

பயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. 2010ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், அமெரிக்காவின் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ரோப் கோங்ரைப் ஆகியோர் ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வன்பொருளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். இயந்திரம் எங்கிருந்து வந்தது என்ற விசாரணையில் ஹரி பிரசாத் கைதானார். வாக்குப்பதிவு இயந்திரம் பற்றிய வாதம் இங்கே எனக்குத் தேவையில்லை. ஆனால் அந்தக் கைது ஒரு தலைமுறை இன்ஜினீயர் பிள்ளைகளுக்கு, அரசுப் பெட்டியைத் திறக்காதே என்று சொல்லிக்கொடுத்துவிட்டது. தன் காசில் வாங்கிய பெட்டியைச் சோதித்து, குறையை முதலில் அரசிடம் சொல்பவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளிலிருந்து வெளிப்படையான பாதுகாப்பு வேண்டும்.

நேர்மாறான வழியில் நடப்பவர்களும் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் ராஸ்பெர்ரி பை நிறுவனம் ஆர்பி2350 என்ற புது சிப்பை வெளியிட்டது. மின்னழுத்தக் கிள்ளலைக் கண்டுபிடிக்கும் காவல் சுற்றுகள் அதிலேயே இருந்தன. அதோடு நிற்காமல், உள்ளே ஒரு ரகசியத்தைப் பூட்டி வைத்து ‘உடைத்துக் காட்டுங்கள், 10,000 டாலர் தருகிறோம்’ என்று உலகத்தை அழைத்தது. பிறகு பரிசை 20,000 ஆக்கியது. நான்கு தரப்பினர் உடைத்தார்கள். ஒருவர் லேசரால், ஒருவர் மின்னழுத்தக் கிள்ளலால், இப்படி ஒவ்வொருவரும் தனித்தனி வழியில். 2025 ஜனவரியில் அந்த நிறுவனம் நால்வருக்கும் முழுப் பரிசு கொடுத்து, எப்படி உடைந்தது என்பதைத் தானே விரிவாக எழுதி வெளியிட்டது. அந்த சிப்பை வாங்க எனக்குத் தயக்கம் இல்லை. எங்கே பலவீனம் என்று தெரிந்து வாங்குகிறேன்.

அரசிடம் நான் கேட்பதில் பெரிய செலவு எதுவும் இல்லை. அடுத்த கொள்முதல் ஒப்பந்தப்புள்ளியில் மின்னழுத்தக் கிள்ளல், கடிகாரக் கிள்ளல், மின்காந்தத் துடிப்பு, உயர் மின்னழுத்தப் பொறி ஆகிய சோதனைகளை எழுதுங்கள். பெட்டியைச் செய்த நிறுவனமே அவற்றை நடத்தாமல், செட்ஸோ ஐஐடியோ நடத்தட்டும். அறிக்கையை மீன்வளத்துறை இணையதளத்தில் தமிழில் போடுங்கள். பெட்டி தனக்கு நேர்ந்த மின்னழுத்தத் தாழ்வையும், திடீர் மறுதொடக்கத்தையும் மீட்டர் பதிவது போல நேரத்தோடு பதிய வேண்டும். துருப்பிடித்த முனையால் வந்த தாவலா, திருட்டுத்தனமா என்று பிரித்துப் பார்க்க அதுதான் முதல் தடயம். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சாவி இருக்க வேண்டும். ஒன்றை உடைத்தால் லட்சமும் உடையும் நிலை கூடவே கூடாது.

வழக்கு என்று வந்தால், பெட்டியின் பதிவு மட்டும் தனியாக நிற்கக் கூடாது. இன்னொரு ஆதாரம் சேர வேண்டும்: கடலோரக் காவல் படையின் ரேடார், கூடப் போன படகின் பெட்டி, அன்று ஏலத்தில் இறங்கிய மீன். ஏரியில் பாடு முறைப்படி யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று ஊரார் வைத்திருக்கும் கணக்கு தலைமுறைகளாக நம்பப்பட்டு வருகிறது. அதையும் கேட்கட்டும். குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டால், பெட்டியை அவர் எதிரிலேயே முத்திரை வைத்து, அவர் எதிரிலேயே திறந்து ஆராய வேண்டும். அதற்கான கட்டணத்தை அவர் தலையில் கட்டக் கூடாது.

மச்சானுக்கு நான் சொல்ல விரும்பும் பதில் இது: பெட்டியைக் கழற்றாதே, கடலுக்குப் போகும்போது அணைக்காதே, முனையில் பச்சை பூத்தால் உடனே கொண்டுவா. கேஸ் என்று யாராவது வந்தால், பெட்டியை எந்தச் சோதனையில் தேற்றினீர்கள், யார் தேற்றினார்கள், அறிக்கை எங்கே என்று கேள். அதைக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு என்று அரசு எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த பெட்டி பொருத்துவதற்கு முன்பே கொடுக்கட்டும்.